தொண்ணூறு நாள் பெரியம்மா

பெட்டியில ஒட்டியிருக்கிற சீட்டையா பாக்குறீக? ஏர்போட்ல ஒட்டி விட்டாக. கிழிச்சிருக்கலாம்தான். சாத்தூர் போய்ச் சேருற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். எங்க தெருவுல சீனாவுக்குப் போயிட்டு வந்த பொம்பள நான் ஒருத்திதான். நாலு பேரு பாத்தா என்ன குறஞ்சா போகுது?

ஆமா, சீனாவேதான். குவாங்சோன்னு ஒரு ஊரு. எந்தம்பி ஜெகதீசன் அங்க தையல் மெசின் கம்பெனில இஞ்சினியரா இருக்கான். அவனுக்குப் பொம்பளப்பிள்ள பிறந்திருக்கு. அதுக்குப் பேர் சொல்லத்தான் போனேன். ஒரு மாசம் இருந்துட்டு இப்பத் திரும்புறேன்.

நீங்க மதுரைல இறங்கணுமா? அப்ப ரயிலு போய்ச் சேர நேரங் கெடக்கு. இந்தச் சேவ எடுத்துக்கோங்க, கூச்சப்படாதீக, எங்க கடைச் சேவுதான். தம்பிக்குன்னு நாலு கிலோ கொண்டு போனேன், அதுல மிச்சம். சாத்தூர்ச் சேவு மிச்சம் விழுமாங்கிறீகளா? விழுந்துச்சே. நான் போறதுக்கு முந்தியே மலேசியாவுல இருந்து வந்த ஒருத்தி முறுக்கும் சீடையுமா சுட்டு டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருந்தா. வந்தவனெல்லாம் அதத் தின்னுட்டு வயித்தத் தடவிக்கிட்டு இருக்கான், எஞ்சேவ யாரு தொடுவா?

அவ பேரு லோகேஸ்வரி. எந்தம்பி பொண்டாட்டிக்குக் கூடப் பிறந்த அக்கா. மலேசியாவுல கிள்ளான்ங்கிற ஊரு, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுற ஊரு. பிள்ளைக்குப் பெரியம்மா முறை. நல்லவதான், நான் ஒரு கொற சொல்ல மாட்டேன். வாய் நிறைய அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே எல்லாத்தையும் செஞ்சுருவா. அதுதான் எனக்கு ஆகாது.

எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு உண்டு. பிள்ள பிறந்த முப்பதாம் நாள் அத்தைதான் மடில போட்டு, வெத்தலைய காதோரம் மறச்சுப் பிடிச்சு, மூணு தடவ பேர் சொல்லணும். அப்பன் சொல்லக் கூடாது, பெத்தவ சொல்லக் கூடாது. அத்த. அப்பன் கூடப் பிறந்தவ. அது எம் பாத்தியம். அதுலயும் இது சும்மா தம்பி பிள்ளையா? எங்க அம்மா போறப்ப அவனுக்கு அஞ்சு வயசு, எனக்குப் பதினாறு. அப்பா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டா பொழுது சாஞ்சுதான் வருவாரு. குளிப்பாட்டி, தல சீவி, பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டது நான். என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப, 'தம்பியும் எங்கூட வருவான், சம்மதமா?'ன்னு சபையில கேட்டேன். எங்க வீட்டுக்காரரு வேல்சாமி ஒருத்தர்தான் சரின்னாரு. அதுக்காகத்தான் அவரக் கட்டினேன், வேற எதுக்குமில்ல.

அவன் சீனாவுக்குப் போய், அதே கம்பெனில வேல பாத்த மலேசியாப் பொண்ணு யோகேஸ்வரியப் பிடிச்சிருக்குன்னான். சரின்னேன். கிள்ளான்ல கல்யாணம். நாங்க எல்லாரும் போனோம். மலேசியாவுக்கு நமக்கு விசா வேணாம், சும்மா போய் இறங்கலாம். அதனால இந்த விசாங்கிற சங்கதியே அப்ப என் மண்டைல ஏறல. மதுரைக்குப் பஸ் ஏறுன மாதிரி போனோம், வந்தோம்.

யோகேஸ்வரி முழுகாம இருந்தப்ப, டாக்டரு ஏரோப்ளேன் ஏறக் கூடாதுன்னுட்டாரு. பிரசவம் சீனாவுலதான்னு ஆச்சு. அந்தப் பொண்ணுக்கும் அம்மா கெடையாது. நான் இருக்கேன்லன்னு சொல்லி சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடிச்சு வச்சுட்டேன். அப்பத்தான் தம்பி போன்ல சொல்றான்.

"அக்கா, ஒனக்கு விசா எடுக்கணும். காயிதம் நெறைய கேப்பாக, இப்பவே ஆரம்பிச்சுரு. லோகாக்கா முன்னாடி வந்துருவாங்க. அவங்களுக்கு விசா வேணாம்."

"ஏன் வேணாம்?"

"மலேசியாக்காரங்களுக்கு இப்ப சீனா விசா கேக்குறதில்லக்கா. பாஸ்போட்டக் காட்டிட்டு உள்ள வந்து முப்பது நாள் இருக்கலாம்."

எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. பொய் சொல்லுவானேன். அவளுக்கு வேணாம், எனக்கு வேணுமா? எம் மக சிந்துஜாவக் கூப்பிட்டு, யார் யாருக்கு வேணாம்னு போன்ல பாத்துச் சொல்லுடின்னேன். அவ வாசிக்கிறா. ஜெர்மனிக்காரனுக்கு வேணாமாம். பிரான்சுக்காரனுக்கு வேணாமாம். ஜப்பான்காரன், கொரியாக்காரன், ஆஸ்திரேலியாக்காரன்னு வாசிச்சுக்கிட்டே போறா. நம்ம ஊரு இருக்கான்னு கேட்டேன். இல்லம்மான்னா. நல்லாப் பாருடின்னேன். மூணு தடவ பாத்துட்டேம்மான்னா.

சீனாக்காரன் செஞ்சது சரியா தப்பான்னு நான் பேசல. அவன் நாடு, அவன் வாசல், எம்மாம் பெரிய நாடு, யார விடணும்னு அவனுக்குத் தெரியாதா? எனக்கு வயித்தெரிச்சல் அதுல இல்ல. எந்தம்பி பிள்ளைக்கும் ஜெர்மனிக்காரனுக்கும் என்ன ஒட்டு? அவன் கைய வீசிக்கிட்டு உள்ள போகலாம், சொந்த அத்த வெளிய நிக்கணும். ஜெர்மனிக்காரனக் கூட விட்டுருவேன். இவ போறாளே.

மதுரைல பாலகுருன்னு ஒரு ஏஜெண்டு. காயிதமெல்லாம் அவருதான் எழுதி டெல்லிக்கு அனுப்பணும். போன்ல ஒண்ணொண்ணாக் கேட்டு எழுதுறாரு. 'அழைக்கிறவருக்கு நீங்க என்ன உறவு'ன்னு ஒரு கட்டம் வந்துச்சு.

"அக்கான்னு போட்டுறவா?"ன்னாரு.

மொத நாள்தான் அந்த லோகா போன்ல பேசியிருந்தா. "யோகாவுக்கு நான் அம்மா மாதிரி லா அக்கா, நான் போகலன்னா எப்படி?"ன்னா. அது என் காதுக்குள்ளயே நின்னுக்கிட்டு இருக்கு. அவ அம்மா மாதிரின்னா நான் மட்டும் என்னவாம்?

"அம்மான்னு போடுங்க"ன்னேன்.

"அம்மாவா? அக்கான்னுல்ல சொன்னீங்க."

"வளத்தவ அம்மா இல்லாம வேற யாரு? போடுங்க."

போட்டுட்டாரு. இதுல என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்க. பத்து நாள் கழிச்சுக் காயிதம் திரும்பி வந்துருச்சு. தம்பி அனுப்பின கடுதாசில அக்கான்னு இருக்காம், கட்டத்துல அம்மான்னு இருக்காம். நான் பிறந்தது எழுபத்தெட்டு, அவன் எண்பத்தொம்பது. பதினோரு வயசுல பிள்ள பெத்தீகளான்னு பாலகுரு என்னயக் கேக்குறாரு. "நீங்க படிச்சவுக, நான் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிருவீகளா?"ன்னு நான் சத்தம் போட்டேன். போனக் கீழ வச்சுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு நான்தான் சமாதானம் பேசினேன்.

அப்புறம் நான் அக்காதான்னு காட்டணும். என் பாஸ்போட்ல வீட்டுக்காரர் பேரு, அவன் பாஸ்போட்ல அப்பா பேரு. அப்பா செத்தப்ப வாங்கின வாரிசுச் சான்று பீரோவுல கெடந்துச்சு. அதுலதான் மகள், மகன்னு ரெண்டு பேரும் சேந்து இருக்கோம். அத இங்கிலீசுல எழுதி வாங்கி, மறுபடி மொதல்ல இருந்து எல்லாத்தையும் அனுப்பணும். பாலகுரு ஒழுங்கா எழுதியிருந்தா இந்தக் கூத்து உண்டா?

அவ பாட்டுக்குக் காலைல கிள்ளான்ல இட்டிலி தின்னுட்டுக் கிளம்பி, சாயங்காலம் குவாங்சோல எந்தம்பி வீட்டு அடுப்படில நிக்கிறா. அஞ்சாம் நாள் பிள்ள பிறந்துருச்சு. துணியோட மொதல்ல வாங்கினவ அவதான். அங்க நம்ம வாட்ஸப் வராதாம், தம்பி என்னமோ ஒரு வழி பண்ணி வீடியோல வந்தான். பிள்ளையக் காட்டுறான். பிள்ளையச் சுத்தி ரெண்டு கை இருக்கு, வளையல் போட்ட கை. எனக்குப் பிள்ள மொகம் தெரியவே இல்ல, அந்த வளையல்தான் தெரிஞ்சுச்சு.

ஆஸ்பத்திரில பிறப்புச் சான்று எழுதப் பேர் வேணும், நீயே சொல்லுக்கான்னு தம்பி கேட்டான். அதுல எந்தம்பி தங்கம். எங்க அம்மா பேரு வடிவு. அதையே வைங்கன்னேன். யோகேஸ்வரியும் சரின்னுட்டா. பின்னால இருந்து அந்த லோகா, "அழகான பேரு லா அக்கா"ன்னா. உங்கிட்ட யாரு கேட்டான்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு சொன்னேன். "காயிதத்துல எழுதிக்கோங்க. நான் வந்து காதுல சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்லிப் பிள்ளையக் கூப்பிடக் கூடாது"ன்னேன். தம்பிகிட்ட, தம்பி பொண்டாட்டிகிட்ட, அவகிட்ட, மூணு பேர்ட்டயும் சத்தியம் வாங்கினேன். பின்ன? இவ பாட்டுக்கு நாள் பூரா வடிவு வடிவுன்னு கூப்பிட்டுட்டா, நான் போய்ச் சொல்றதுல என்ன இருக்கு?

பிள்ளைக்கு முப்பதாம் நாள் வந்துச்சு. விசா வரல. அவ போன் போடுறா. "அக்கா, நீங்க போன்ல சொல்லுங்க, நான் அப்படியே பாப்பா காதுல வெக்கிறேன்"ன்னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். மடி அவ மடி, கை அவ கை, நான் போன் டப்பாக்குள்ள இருந்து கத்தணும். முடியாதுன்னுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு சொல்றா. "பாப்பாவுக்குப் பாஸ்போட் வந்ததும் கிள்ளானுக்குக் கொண்டு வரோம் அக்கா. எங்க ஊருக்குத்தான் உங்களுக்கு விசா வேணாமே. அங்க வந்து பேரு சொல்லுங்க, நான் எல்லாம் ஏற்பாடு பண்றேன்"ன்னா.

எப்படி இருக்கு பாத்தீகளா? அவ வீட்ல, அவ ஏற்பாட்டுல, அவ குத்து வெளக்கு ஏத்தி வைக்க, நான் விருந்தாளியாப் போய் உக்காந்து எம் பாத்தியத்த வாங்கிட்டு வரணுமாம். எங்க வீட்டுக்காரரு கூட, "நல்ல யோசனதான, போயிட்டு வாயேன்"னாரு. அவருக்கு அன்னைக்கு ரசம் மட்டும்தான் வச்சேன்.

இதுக்கு முந்தி, அவ அங்க போய் இறங்கின நாள்ல இருந்து எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்துச்சு. முப்பது நாள்தான? முடிஞ்சா அவ வெளிய போய்த்தான ஆகணும். கேலண்டர்ல ஒவ்வொரு நாளாக் கோடு போட்டுக்கிட்டு வந்தேன். இருபத்தொம்பதாம் நாள் காலைல வீடியோல அவளக் காணோம். தம்பிகிட்ட, "லோகா ஊருக்குக் கிளம்பிட்டாளா?"ன்னு நைசாக் கேட்டேன்.

"இல்லக்கா, ஹாங்காங் போயிருக்காங்க. ரயில்ல கொஞ்ச நேரந்தான். ஒரு நாள் இருந்துட்டு நாளைக்கு வந்துருவாங்க. மறுபடி முப்பது நாள் கெடைக்கும்."

வெளிய ஒரு கால வச்சு எடுத்தா மறுபடி முப்பது நாளா? இது என்ன நியாயம்? நேரா இருக்கன்குடிக்குப் போனேன். மாரியம்மா முன்னால நின்னு, "ஆத்தா, அவள மட்டும் திரும்ப உள்ள விடாத"ன்னு வேண்டினேன். ஆமா, வேண்டினேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க மதுரைல இறங்கிப் போகப் போறவுக. அன்னைக்குச் சாயங்காலம் தம்பி வீடியோல வர்றான், பிள்ள ஓயாம அழுதுக்கிட்டு இருக்கு. பெத்தவ தூக்குறா, இவன் தூக்குறான், அழுக நிக்கல. "லோகாக்கா இல்லல்ல, அதான்"ங்கிறான் சிரிச்சுக்கிட்டே. பிள்ள அழுதா அத்தைக்கு மனசு பதறணும். எனக்கு எரிஞ்சுச்சு. ஒரு நாள் இல்லாததுக்கே இப்படி அழுகுதேன்னு எரிஞ்சுச்சு.

மறுநாள் மத்தியானம் அவ உள்ள வந்துட்டா. ஆத்தா எஞ்சொல்லக் கேக்கல.

சிந்துஜா மறுபடி போனத் தேடி, "அம்மா, எத்தன தடவ போயிட்டு வந்தாலும் நூத்தியெண்பது நாளுக்குள்ள மொத்தம் தொண்ணூறு நாளுக்கு மேல இருக்க முடியாதாம்"னு சொன்னா. அவள அன்னைக்குக் கட்டிப் பிடிச்சேன், எம்புட்டு நாளாச்சு அவளக் கட்டிப் பிடிச்சு. அதுக்கப்புறம் கோடு தொண்ணூற நோக்கிப் போச்சு. ரெண்டாந் தடவ ஹாங்காங் போனா, வந்தா. எழுபத்தெட்டாம் நாள் பாலகுரு போன் போட்டாரு. விசா வந்துருச்சு. எனக்கும் முப்பது நாள்தான், ஆனா ஒரே தடவ. அவள மாதிரி போக வர எனக்குக் கெடையாது.

எண்பத்தி நாலாம் நாள் போய் இறங்கினேன். ஆபீசர் பொம்பள என்னமோ கேட்டா, தம்பி எழுதி அனுப்பியிருந்த காயிதத்த நீட்டினேன், பாத்துட்டு முத்திர குத்திட்டா. அம்புட்டுதான். இதுக்கா இத்தன மாசம்?

பத்தொம்பதாவது மாடில வீடு. கதவத் தெறந்தவ லோகா. இடுப்புல பிள்ள. "வாங்க அக்கா, உங்களுக்குத்தான் லா காத்துக்கிட்டு இருக்கோம்"னு பெட்டிய வாங்குறா. எந்தம்பி வீட்டுக்குள்ள என்னய வாங்கன்னு கூப்பிட அவ யாரு? அவ படுத்திருந்த ரூம எனக்கு ஒழிச்சுக் குடுத்துட்டு ஹால்ல பாய விரிச்சுக்கிட்டா. நல்லவன்னு நாலு பேரு சொல்லணும்ல. பிள்ளையக் கைல வாங்கினேன். எங்க அம்மா நெத்தி அப்படியே இருக்கு. அது என்னயப் பாத்துச்சு, அவளப் பாத்துச்சு, வீல்னு கத்துச்சு.

மறுநாள் காலைல பேர் சொல்றதுன்னு வச்சோம். சாத்தூர்ல இருந்து நான் ஈரத்துணில சுத்திக் கொண்டு போன வெத்தல கருகிப் போச்சு. அவ எந்தச் சந்துல தேடினாளோ, பச்சப்பசேல்னு வெத்தல வாங்கி வச்சிருந்தா. பிள்ளையக் குளிப்பாட்டி, சட்ட மாட்டி, மடில கொண்டாந்து போட்டதும் அவதான். போட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. வெத்தலைய மறச்சுப் பிடிச்சு, குனிஞ்சு, வடிவு, வடிவு, வடிவுன்னு மூணு தடவ சொன்னேன். எத்தன மாசக் கனவு. பிள்ள என் தோளுக்கு மேல எங்கயோ பாக்குது. தலைய ஆட்டி ஆட்டித் தேடுது. மூணாந் தடவ சொல்லி முடிக்கவும் ஒதடு கோணிக்கிட்டு அழ ஆரம்பிச்சுருச்சு.

அடுப்படில இருந்து ஒரு கொரல். "சாயாங்..."

அம்புட்டுதான். அழுக நின்னு போச்சு. கழுத்த வெடுக்குன்னு அந்தப் பக்கம் திருப்பி, பல்லில்லாத வாயத் தெறந்து சிரிக்குது.

"அது என்ன சாயாங்?"னேன்.

"மலாய்ல செல்லம்னு அர்த்தம் லா அக்கா. பேரச் சொல்லக் கூடாதுன்னு நீங்க சத்தியம் வாங்கினிங்கல்ல, அதனால இப்படியே கூப்ட்டுப் பழகிருச்சு."

பழிய அப்படியே எந்தலைல தூக்கி வச்சுட்டா, பாத்தீகளா? நான் பேரச் சொல்லாதன்னு சொன்னா, வேற பேரு வையின்னா சொன்னேன்?

ஆறு நாள் ஒண்ணா இருந்தோம். தொண்ணூறாம் நாள் அவ கிளம்பியாகணும். காலைல இருந்து அழுத மொகம். வாசல்ல நின்னுக்கிட்டு, "அக்கா, மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால கொஞ்சம் படுத்துவா, அப்ப என்ன செய்யணும்னா..."ன்னு ஆரம்பிச்சா. "எனக்குப் பிள்ள வளக்கத் தெரியும்மா, நீ பாத்துப் போ"ன்னு சொல்லிட்டேன். லிப்டுக் கதவு மூடுற வரைக்கும் பிள்ளையவே பாத்துக்கிட்டு நின்னா. மூடுனதும் எனக்கு மனசு லேசாச்சு. இனி இருபத்தி நாலு நாள், நானும் எம் பிள்ளையும்னு நெனச்சேன்.

மத்தியானம் ஆரம்பிச்சுச்சு. பெத்தவ பால் குடுத்துட்டு அசந்து தூங்குறா. தம்பி வேலைக்குப் போயிட்டான். பிள்ள அழுகுது. தோள்ல போட்டேன், கால்ல போட்டேன், எந்தம்பிக்குப் பாடின தாலாட்டப் பாடினேன். வடிவும்மா, வடிவுக்கண்ணுன்னு கொஞ்சினேன். வடிவுங்கிற பேரு அதுக்கு யாரோ எவளோ பேரு மாதிரி இருக்கு. அழுது அழுது மொகம் செவந்து, மூச்ச உள்ள இழுத்து நிறுத்துது. என்ன செய்ய? கதவச் சாத்தினேன். யாரும் இல்லன்னு பாத்துக்கிட்டேன். கொரலக் கொஞ்சம் மெல்லிசாக்கி, அவ இழுக்குற மாதிரியே இழுத்து, "சாயாங்... என்ன லா... அழக் கூடாது லா"ன்னேன்.

டக்குன்னு நிறுத்திருச்சு. என் மொகத்தயே பாக்குது. இந்தக் கொரல் இந்த மொகத்துல எப்படி வந்துச்சுன்னு அதுக்குக் கொழப்பம். அப்புறம் சிரிச்சுச்சு. என் மொகத்துக்கு நேரா அது சிரிச்சது அதான் மொதத் தடவ. சிரிக்குது, எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. என்னயப் பாத்துச் சிரிச்சுச்சா, அவள நெனச்சுச் சிரிச்சுச்சான்னு யார்கிட்டப் போய்க் கேக்க?

அதுக்கப்புறம் தெனமும் அதான். கதவச் சாத்திக்கிட்டு நான் கிள்ளான்காரியா மாறிருவேன். வெளிய வந்தா வடிவு, வடிவு. சாயங்காலம் அவ வீடியோல வந்தா பிள்ளையக் கிட்டக் கொண்டு போக மாட்டேன். சிக்னல் சரியில்ல, தூங்குது, குளிக்குதுன்னு எதையாவது சொல்லி வச்சுருவேன். அவ கொரல அது கேட்டா நான் சொல்றது போலின்னு தெரிஞ்சு போயிருமே.

பத்து நாள் இப்படி ஓடுச்சு. ஒரு நாள் கதவு சரியாச் சாத்தல போலருக்கு. திரும்புனா வாசல்ல யோகேஸ்வரி நிக்கிறா. பாத்துட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் போன்ல அக்காகிட்டச் சொல்றா, எனக்குக் கேக்குற மாதிரியே. "அக்கா, அண்ணி பாப்பாகிட்ட அப்படியே உன்ன மாதிரி பேசறாங்க லா." எனக்கு அந்தத் தரையில எங்கயாவது பொந்து இருந்தா உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. அந்தப் பக்கம் சிரிப்பான்னு காத்துக்கிட்டு இருக்கேன். சிரிக்கல. அப்புறம், "போன அக்காகிட்டக் குடு"ங்கிறா.

வாங்கினேன். அழுதுக்கிட்டு இருக்கா.

"அக்கா, நான் மறுபடி வர்றதுக்குள்ள பாப்பா என்ன மறந்துருவான்னு தெனமும் பயந்துக்கிட்டு இருக்கேன். நீங்க அப்படியே பேசுங்க லா. ஒரு நாளும் விடாமப் பேசுங்க. அப்ப அவ மறக்க மாட்டா."

நான் என்ன சொன்னேங்கிறீக? "சிக்னல் சரியில்ல"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

மறுநாள் நான் அப்படிக் கூப்பிடல. வேணும்னேதான் கூப்பிடல. மறக்கட்டும்னு நெனச்சேன். பதினாலு நாள் இருக்கு, பச்சப்பிள்ள, மறக்குறதுக்கு எம்புட்டு நேரமாகும்? வடிவுன்னு மட்டுந்தான் கூப்பிட்டேன். மத்தியானம் ஒதட்டப் பிதுக்குச்சு, ஆனா அன்னைக்கு அழல. அழுதிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். சத்தமே இல்லாம வாசக்கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. யாரோ வர வேண்டியிருக்கிற மாதிரி. எங்க அம்மா செத்த வாரம் எந்தம்பி இப்படித்தான் கதவப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். எனக்குப் பொறுக்கல. கிட்டப் போய்க் குனிஞ்சு அவ கொரல்ல கூப்பிட்டேன். அன்னைக்குக் கதவச் சாத்தல.

அதுக்கப்புறம் நான் கிளம்பி வர்ற வரைக்கும் ஒரு நாளும் விடல.

பொறாமைதான், இல்லன்னு சொல்லுவேனா? இப்பவும் இருக்கு. எண்ணிப் பாருங்க, மாசி பிறந்தா அந்த நூத்தியெண்பது நாள் முடிஞ்சு அவளுக்கு மறுபடி நாள் தெறந்துரும். இட்டிலி தின்னுட்டுக் கிளம்பிப் போயிருவா. நான் மறுபடி பாலகுருகிட்டப் போய் நிக்கணும், கட்டம் கட்டமா எழுதணும், தருவாகளோ மாட்டாகளோ. அவ கதவத் தட்டி சாயாங்ன்னு ஒரு கொரல் குடுத்தாப் போதும், பிள்ள அடையாளம் கண்டுக்கிரும், ஒரு நிமிசம் கூட யோசிக்காது. அதுக்குத்தான் நான்ல பழக்கி விட்டுட்டு வந்திருக்கேன்.